அவர் வாசிக்காத வரி

அன்று அந்த அறையில் இருந்தது மூன்று பேர்: மேசைக்குப் பின்னால் செய்தித்தளத்தின் ஆசிரியர், முன்னால் நான், என் பக்கத்தில் மனைவி. வைத்த தேநீரை நாங்கள் இருவரும் தொடவில்லை.

ஊரில் போர் முடிந்த வருஷம். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில் வீட்டுக்கு வீடு யாரையோ தேடிக்கொண்டிருந்தார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, டோர்செட் பார்க் வீட்டில் இருந்தபடி காணாமல் போனவர்களின் படங்களை இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். முதற் பக்கம் மனைவியின் தம்பியுடையது. கீழே எங்கள் வீட்டு ஃபோன் நம்பர். ஆசிரியர் பெரிய செய்தித்தளம் நடத்தியவர். என் பக்கங்களை அப்படியே அள்ளி, நம்பரை மட்டும் தன் அலுவலக நம்பராக மாற்றிப் போட்டார். ஒரே பக்கம் இரண்டு இடத்தில் கிடந்தால் தேடுபொறி ஒன்றைத்தான் காட்டும். காட்டியது பெரிய தளமான அவருடையதை. அதைக் கேட்கத்தான் அன்று அவர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம்.

"ஓம், உங்கட பெடியனைப் பற்றி லண்டனில இருந்து ஒரு அம்மா ஃபோன் எடுத்தவ. முகாமில கண்டதாம். நம்பரை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை," என்றார்.

"எழுத ஒரு பேனை இல்லையோ உங்களிட்டை?" என்று மனைவி எழும்பிவிட்டாள்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, செய்தி எல்லாருக்கும் பொது. ஆர் முதல் போட்டதெண்டு ஆர் பாக்கிறான்?"

கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பிப் போகிற ஆள் நான். எனக்கு நித்திரை எங்கே வரும்? வாசித்து வாசித்துக் கண்டுபிடித்தேன். பக்கத்தின் தலைப்பகுதியில், வாசகர் கண்ணில் படாமல், 'கனோனிக்கல்' என்று ஒரு வரி எழுதலாம். மூலப் பக்கம் இன்ன முகவரியில் இருக்கிறது என்று தேடுபொறிக்குச் சொல்கிற வரி. எல்லாப் பக்கத்திலும் என் முகவரியோடு அதை எழுதினேன். அவருடைய ஆட்கள் வழக்கம்போல வாசிக்காமல் அள்ளினார்கள். அவருடைய பக்கமே எனக்குச் சாட்சி சொல்லத் தொடங்கியது. அந்தப் பனிக்காலம் முழுவதும் அவர் அள்ளியவை தேடலில் ஒவ்வொன்றாக மறைந்தன. என்னுடையவை மேலே வந்தன.

கடைசியில் அவரே கூப்பிட்டார். "தம்பி, அந்தப் பக்கங்கள் ஒண்டும் வருகுதில்லை. விளம்பரக்காரர் கத்துறாங்கள். ஒருக்கா வந்து பாரும்."

போனேன். அதே கதிரை. திரையில் என் வரி அச்சுப் பிசகாமல் இருந்தது. ஆசை தீரப் பார்த்தேன். "ஒரு பிழையும் தெரியேல்லை அண்ணை," என்றேன். அன்று தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

பிறகு அவர் தளத்தை மூடிவிட்டார். அண்மையில் ஒரு கலியாண வீட்டில் கண்டபோதும், "உது என்ன பிழையெண்டு கடைசிவரைக்கும் விளங்கேல்லை," என்றார். நான் பந்திக்குப் போய்விட்டேன். இந்தக் கதையையும் வாசிக்காமல் எங்காவது அள்ளிப் போடட்டும்.

இப்போது வீடு மாறி ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறோம். பழைய நம்பரைக் கூடவே கொண்டுவந்தோம். மச்சானின் பெயரைத் தேடினால் எங்கள் பக்கம்தான் முதலில் வருகிறது. ஃபோன் அடித்தால் மனைவி தேநீரை வைத்துவிட்டு ஓடுகிறாள். திரும்பி வரும்போது அது ஆறிப்போயிருக்கும். லண்டன் அம்மா இன்னும் எடுக்கவில்லை.