பாதியில் நின்ற மிக்ஸி

பூரணாங்குப்பத்தில் நண்பன் வீட்டுக் கல்யாணம். என்னைப் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா வீட்டில் தங்கவைத்திருக்கிறார்கள். காலையில் தாடியைப் பாதி ஒதுக்கும்போதே ட்ரிம்மரில் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. கூடத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துவந்து, பாத்ரூம் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைக்கிறேன். ஈரக் கையோடு பிளக்கைச் செருகப் போகிறேன்.

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி சட்டென்று அடங்குகிறது. விளக்கும் அணைகிறது.

"கரண்ட் போயிடுச்சாக்கா?"

"போவல சார். ஒயரு பாத்ரூமுக்குள்ள போறதப் பாத்தேன். நான்தான் மெயின ஆஃப் பண்ணேன்."

"ஒரு குரல் கொடுத்திருக்கலாமே?" எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

"குரல் குடுத்தா இன்னா பண்ணுவீங்க? திடுக்குனு திரும்புவீங்க. பாக்ஸ் தொட்டிக்குள்ள வுழுந்திருந்தா? கையத் தொடச்சிட்டு வாங்க, கூடத்துல சார்ஜ் போடலாம்."

கையைத் துடைத்துக்கொண்டு பாக்ஸைக் கூடத்துக்கே திரும்ப எடுத்துவருகிறேன்.

பாதித் தாடியோடு இட்லிக்கு உட்காருகிறேன். சட்னி ஒன்றிரண்டாகத்தான் அரைபட்டிருக்கிறது. அதை ஊற்றும்போதும் அக்கா பாத்ரூம் பக்கமே திரும்பிப் பார்க்கிறார். மெயினைத் திரும்பப் போடவே மறந்துவிட்டார். மின்விசிறி இல்லாமல் முதுகெல்லாம் வியர்க்கிறது. நான் நினைவுபடுத்தவில்லை. இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன்.