ஜன்னலடி மேசை

மின்சாரம் கொடுப்பதற்கு முன்னால் டார்லீன் க்ரோச்சுக் புதுக் கணினியை இரண்டு கையாலும் பிடித்து ஓர் உலுக்கு உலுக்குவார். பிறகு காதை வைத்துக் கேட்பார். உள்ளே எதுவும் உருளவில்லை என்றால், "சரி, திருகாணி எல்லாம் வீட்டுலதான் இருக்கு" என்பார்.

கனடாவின் வின்னிபெக்கில் காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். வயது ஐம்பத்தெட்டு. இரண்டு நடைகளுக்கும் நடுவில் கிடைக்கும் பகல்பொழுதில், வண்டிச் சாவி இடுப்பில் தொங்க, கேம் விளையாடுவதற்கென்று நடுத்தர விலையில் விற்கும் கணினிகளைச் சோதித்துத் தன் இணையதளத்தில் எழுதுகிறார். பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கப்போகும் ஊர்க்காரர்கள் கடைக்குக் கிளம்புமுன் அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். வண்ண விளக்கு மினுக்கும் பெட்டி அவருக்கு ஆகாது. "கிறிஸ்துமஸ் மரம் கூடத்துல ஒண்ணு நிக்குதே, பத்தாதா?"

மற்றவர்கள் பெட்டியை மேசைமேல் வைத்து, பக்கக் கதவைக் கழற்றிவிட்டுச் சோதிப்பார்கள். டார்லீன் கதவைத் தொடமாட்டார். ஜன்னலுக்குக் கீழே மேசை, மேசைக்கு அடியில் கம்பளம், கம்பளத்தின் ஓரத்தில் ஹீட்டரின் சூடான காற்று வரும் தரைத் துவாரம். அதை ஒட்டித்தான் பெட்டி நிற்க வேண்டும். அங்கே வீடு கட்டுகிறவர்கள் துவாரத்தை ஜன்னலடியில் வைக்கிறார்கள். குடிவருகிறவர்கள் மேசையையும் அங்கேயே போடுகிறார்கள். "வாங்கறவன் எங்க வைப்பானோ அங்க வெச்சுப் பாக்கணும்."

பிறகு திரையில் ஐஸ் ஹாக்கி கேம். ஒரு முழு ஆட்டம், மிக மோசமாக ஆடுவார். எதிரணியின் கோல்காப்பாளரை வாய்க்கு வந்தபடி ஏசுவார். இடையிடையே குனிந்து பெட்டியின் தலையில் புறங்கையை வைப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

டிசம்பர் தொடக்கத்தில் மெர்வின் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தான். டார்லீனோடு பத்து வருடம் பேருந்து ஓட்டியவன். வேலையை விட்டுக் கணினிக் கடை வைத்திருக்கிறான். அவன் சொந்தமாக வடிவமைத்த முதல் மாடல் இது. டார்லீன் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் பண்டிகை விற்பனையில் கடை பிழைக்கும். இல்லாவிட்டால் மறுபடியும் ஸ்டியரிங்தான். காலுறையோடு அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான்.

ஆட்டத்தின் முதல் பகுதி தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"பறக்குது பாத்தியா!"

"வாய மூடு மெர்வின். கோல் போட விடு."

கீழ்த்தளத்தில் ஹீட்டர் உறுமியது. துவாரம் மூச்சுவிட்டது. கொஞ்ச நேரத்தில் பெட்டியின் ஃபேன் இரையத் தொடங்கியது. திரையில் ஆட்டக்காரர்கள் நின்று நின்று நகர்ந்தார்கள். டார்லீன் புறங்கையை வைத்து, சட்டென்று எடுத்தார்.

"ஒரு அடி தள்ளி வெச்சா போதும்," என்றான் மெர்வின். "அடுப்பு மேல எவனாவது கம்ப்யூட்டர வைப்பானா?"

"உன் வீட்டுல எங்க வெச்சிருக்க?"

மெர்வின் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தான்.

"என் வீட்ட விடு. பனிப்புயல்ல உன் வண்டி படுத்துடுச்சே, அதுல இருந்த பசங்களையும் சேத்து நான்தான ஏத்திட்டுப் போனேன்? அத நெனச்சுப் பாரு."

"நெனச்சேன். அதுக்குத்தான் நல்ல காபி போட்டேன். வேற யாரும் வந்தா சுடுதண்ணிதான்."

அவன் சிரிக்கவில்லை. மண்டியிட்டு மேசைக்கு அடியில் நுழைந்து, துவாரத்தின் சின்ன நெம்புகோலைத் தள்ளி மூடினான். ஃபேன் மெல்ல அடங்கியது. படம் மறுபடி வழுக்கியது. டார்லீன் அபூர்வமாக ஒரு கோல்கூடப் போட்டார்.

"இத எழுது டார்லீன்," அடியிலிருந்து எழுந்தவனின் குரல் இறங்கியிருந்தது. "இப்ப பாத்தியே, இத மட்டும் எழுது."

மேசைக்கு அடியில் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. டார்லீன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வலது காலை நீட்டி, காலுறைக்குள்ளிருந்த கட்டைவிரலால் நெம்புகோலைத் தேடிப் பிடித்து, துவாரத்தைத் திறந்தார்.