ரைம்ஸ் சிடிக்கு ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டு

"யாருக்கு மதினி இந்தக் கார்டு?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கேட்டவர், கம்பெனியில் என் கணவர் வேலை பார்க்கும் லைனில் டிரெய்னியாக இருந்த திருநெல்வேலிக்காரப் பையன். அவரும் நண்பர்களும் மண்ணூரில் ஓர் அறையில் தங்கி, எல்லோரும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, லீவு நாளெல்லாம் விளையாடியிருக்கிறார்கள். காண்ட்ராக்ட் முடிந்து அறையைக் காலி செய்தபோது கம்ப்யூட்டரையும் பிரித்துக்கொண்டார்கள். மானிட்டர் ஒருவருக்கு, ஹார்ட் டிஸ்க் இன்னொருவருக்கு. இவர் பங்குக்கு வந்தது, திரையில் படம் திக்காமல் ஓட உதவும் கிராஃபிக்ஸ் கார்டு. இப்போது கடையில் புதிதாகக் கிடைக்காத பழைய ரகம்.

என் கணவர் சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னார். நான் தலையைத் தூக்காமல் ரசம் ஊற்றிக்கொண்டே, "நம்ம பையனோட ரைம்ஸ் சிடி திக்கித் திக்கி ஓடுதே, அதுக்கு உதவுமோ என்னவோ" என்றேன்.

ரைம்ஸ் சிடி திக்கவில்லை. திக்கியது என் கார்.

அந்தக் கம்ப்யூட்டர், நான் வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை செய்யலாம் என்பதற்காக வாங்கியது. வேலையும் செய்கிறேன். ஆனால் மதியம் பையன் தூங்கியதும், என் தம்பி எப்போதோ போட்டுக் கொடுத்த கார் ரேஸை ஓட்டுவேன். எங்கள் கம்ப்யூட்டர் அதைத் தாங்காது. நிழல் வேண்டாம், மழை வேண்டாம், மரம் வேண்டாம் என்று செட்டிங்கில் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டேன். மொட்டைச் சாலையில் சோப்பு டப்பா மாதிரி ஒரு கார் போகும். அப்படியும் வளைவு வந்தால் படம் ஒரு நொடி நின்றுவிடும். மறுபடி அசையும்போது நான் சுவரில் மோதியிருப்பேன். நான் தோற்பது என்னாலா, மெஷினாலா என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. இதை எந்த வாயால் கணவரிடம் சொல்வது? இரண்டரை வயதுப் பிள்ளையின் தாய்.

அவர் நான் சொன்னதை அப்படியே நம்பி, பையனுக்காக என்று அந்த டிரெய்னித் தம்பியிடம் பேசிவிட்டு வந்தார். அதன் பிறகு எனக்கு வேறு பயம். பழைய கார்டு எங்கள் கம்ப்யூட்டரின் போர்டை எரித்துவிட்டால் டைப்பிங் வேலை போய்விடுமே. ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் கேட்டேன். "யூஸ்டு கார்டு வாங்காதீங்க மேடம். சும்மா வச்சா ஓடும். சூடானாத்தான் வேலையக் காட்டும்" என்றார். வேண்டாம் என்று முடிவு செய்து வீட்டுக்கு வந்தேன். வந்ததும் கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்து, கார்டு செருகும் இடம் காலியாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன்.

அவர் இப்போது வேறு பையன்களோடு தங்கியிருந்த அறைக்கு நான் போய்ச் சோதித்துப் பார்ப்பது நடக்காத காரியம். அதனால் அவரே ஒரு காலையில் பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் போர்ஷனுக்குக் கொண்டுவந்தார். கணவர் முதல் ஷிப்ட்டில் இருந்தார். வாசல் கதவை அகலத் திறந்து வைத்தேன். ஆள் வந்த சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா முறத்தில் கீரையோடு வந்து, நடுவீட்டில் உட்கார்ந்து ஆயத் தொடங்கினார்.

"உங்க போர்டுல இந்தக் கார்டு செருக ஏஜிபி ஸ்லாட் இருக்கா மதினி? இல்ல, அண்ணன் வந்த பொறவு பாத்துக்கிடுவோமா?"

"இருக்கு. பிரவுன் கலர்ல, காலியாத்தான் இருக்கு" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

அவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். கார்டைச் செருகி, டிரைவர் சிடி போட்டு, ஸ்கிரீனைப் பார்த்தவர் சிரித்தார். "கேம் ஏற்கெனவே கெடக்கே!"

"அவர் ஆடுவாரு."

"அண்ணனா? கேம்னு சொன்னாலே கொட்டாவி விடுவாருல்லா?"

நான் பையனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் விடவில்லை. "அப்ப யாருக்கு மதினி இந்தக் கார்டு? ரைம்ஸுக்குன்னா வேண்டாம். அதுக்கு இது தேவையே இல்ல. அண்ணனை ஏமாத்திட்டேன்னு நாளைக்குப் பேரு வந்துரும்."

"இவனுக்குத்தான். பெரியவனானா ஆடுவான்" என்றேன்.

"அப்ப தம்பியே ஓட்டட்டும்" என்று கீபோர்டைப் பையன் முன்னால் வைத்தார். அவன் இரண்டு கையாலும் அடித்தான். கார் வட்டமடித்துச் சுவரை இடித்து நின்றது. கோளாறு இருந்தால் சூடேறிய பிறகு படத்தில் கோடும் கட்டமுமாக வரும், அதுவரை யாராவது ஒழுங்காக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். எனக்குக் கை பரபரத்தது. சோதிப்பதற்குத்தானே என்று பையனை மடியிலிருந்து இறக்கிவிட்டுக் கீபோர்டை இழுத்துக்கொண்டேன். நான் நிறுத்தி வைத்திருந்த எல்லாவற்றையும் அவர் போட்டுவிட்டிருந்தார்.

சாலை நனைந்திருந்தது. விளக்குகள் தண்ணீரில் நீளமாகத் தெரிந்தன. இரு பக்கமும் மரங்கள். நூறு தடவை ஓட்டிய சாலையில் ஒரு பாலம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வளைவு வந்தது. படம் நிற்கவில்லை. நானும் மோதவில்லை. அடுத்த வளைவிலும் மோதவில்லை. முன்னால் போன கார்களை ஒவ்வொன்றாகத் தாண்டினேன்.

"யம்மா! உம் புள்ள அழுதுகினு கீறான், காதுல வுழல?"

திரும்பினேன். பையன் வீட்டுக்கார அம்மாவின் இடுப்பில் இருந்தான். முகமெல்லாம் கண்ணீர், மூக்கு ஒழுகியிருந்தது. கதவு இடுக்கில் விரலை வைத்துவிட்டான். பெரிய காயமில்லை, சிவந்திருந்தது. ஆனால் எவ்வளவு நேரமாக அழுதான் என்று எனக்குத் தெரியாது.

"இன்னாம்மா, நான் கூப்பிட்டுகினே கீறேன். நீ இன்னாடான்னா பஸ் டிரைவர் கணக்கா குந்திகினு கீற!"

அந்தத் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் போட்டார். "கார்டு மெஷின்லயே இருக்கட்டும் மதினி. அடுத்த மாசம் கம்பெனியில செட்டில்மென்ட் பணம் வாங்க வருவேன். பிடிச்சா காசு, பிடிக்கலன்னா கார்டு. நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். 'அண்ணன்கிட்ட கேட்டுக்கிடுதேன்' என்று சொல்லவில்லை. நீங்களே என்றார்.

நான்கு மணிக்குக் கணவர் வந்தபோது வீட்டுக்கார அம்மா கேட்டிலேயே பிடித்துக்கொண்டார். "யப்பா, உம் பொண்டாட்டி இன்னாமா காரு ஓட்டுது! ஒரு காரு வாங்கிக் குடு, உன்னிய அதுவே கம்பெனிக்கு இட்டுகினு பூடும்."

உள்ளே வந்தவர் முதலில் பையனின் விரலைப் பார்த்தார். பிறகு, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே. நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்? வாங்கிக்கோ" என்றார். முகம் கழுவப் போனவர் திரும்பி நின்று, "லைன்ல மட்டும் பையனுக்குன்னே சொல்லிக்கறேன். கிண்டல் பண்ணுவானுங்க" என்றார்.

அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். பொய் பேசத் தெரியாத மனிதர் எனக்காக ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டார். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு அதிக வெட்கம்.

ஸ்பீக்கர் சத்தத்தில் பிள்ளை அழுதது கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதே அறையில் இருந்த வீட்டுக்கார அம்மாவுக்குக் கேட்டிருக்கிறதே.

கார்டு இன்னும் மெஷினில்தான் இருக்கிறது. கழற்றி எடுத்துப் பேப்பரில் சுற்றி வைக்க இரண்டு முறை கேபினெட்டைத் திறந்தேன், மூடிவிட்டேன். மதியங்களில் ஓட்டுகிறேன், ஸ்பீக்கரை அணைத்துவிட்டு. பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் திரும்பிப் பையனைப் பார்க்கிறேன். அதற்குள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அடுத்த மாதம் அந்தத் தம்பி வந்து நிற்பார். கார்டைத் திருப்பிக் கொடுத்தால் நல்ல அம்மாவாக இருப்பேனா, அல்லது மொட்டைச் சாலையில் மறுபடியும் ஒளிந்து ஓட்டுவேனா? வாங்கினால், யாருக்கு என்று அவர் மறுபடி கேட்கும்போது "எனக்கு" என்று என் வாயால் வருமா? வந்தால் லைனில் என் கணவர் தலைகுனிய வேண்டி வருமா? உங்களில் யாராவது பிள்ளை தூங்கும் நேரத்தில் தனக்கென்று ஏதாவது வைத்துக்கொண்டிருந்தால், அதை வீட்டில் எப்படிச் சொன்னீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். சொல்லாமலே விட்டிருந்தால், அதையும் எழுதுங்கள்.