முடக்கில் ஓர் அலுமாரிக் கண்ணாடி

பன்வில ரோட்டில், எங்கள் லயத்து வீடுகளுக்குக் கீழே இருக்கும் முடக்கில் ரோடு வளைவதால் எதிரே வரும் பஸ் தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கேதான் கடக்க வேண்டும். மூன்று தடவை மனு கொடுத்தோம். பதில் இல்லை.

இன்று காலை பார்த்தால், பக்கத்து வீட்டு செல்வி அக்கா தன் கல்யாண அலுமாரியின் கண்ணாடிக் கதவைக் கழற்றி, முடக்கிலுள்ள பலா மரத்தில் கம்பியால் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சிவில் இன்ஜினியரிங் டிப்ளோமா படித்த என் வாய் சும்மா இருக்குமா?

"அக்கா, இதுக்குக் குவிஞ்ச கண்ணாடி வேணும். இதுல டிரைவருக்கு அவரு மூஞ்சிதான் தெரியும்."

"சரி தம்பி. அந்தக் குவிஞ்ச கண்ணாடி எங்க?"

அதற்குள் ஒரு பஸ் வந்தது. டிரைவர் பிரேக் போட்டு, கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியைக் கோதினார். பிள்ளைகள் ஓடாமல் நடந்தே கடந்தார்கள்.

"தெரிஞ்சிருச்சில்ல, அவரு மூஞ்சி?" என்றார் அக்கா.

ஆனால் ஒரு கிழமையில் டிரைவர்களுக்கு அது பழகிவிடும். பிறகு யாரும் பிரேக் போட மாட்டார்கள். அன்றைக்கும் பிள்ளைகள் இதே நம்பிக்கையில் நடந்தே கடப்பார்கள். காலையிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

குவிந்த கண்ணாடி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நானே மரத்தில் பூட்டுகிறேன். நான்காவது மனு எழுதச் சொல்பவர்கள், தயவுசெய்து முதலில் உங்கள் வீட்டு அலுமாரிக் கதவைக் கழற்றிவிட்டு வாருங்கள்.