மான் கத்தாது

தெருவில் அவளுக்கு வைத்த பெயர் ஜன்னலக்கா. சட்டசபை நடப்பதைத் தொலைக்காட்சியில் காட்டும்போது திரையின் கீழ்மூலையில் ஒரு சின்னக் கட்டம் வருமே, அதற்குள் கறுப்புச் சட்டை போட்ட ஒருத்தி ஓயாமல் கையை ஆட்டிக்கொண்டிருப்பாளே, அவள்தான். சபையில் பேசுவதையெல்லாம் காது கேளாதவர்களுக்குச் சைகையில் சொல்வது அவள் வேலை. பால் வாங்கப் போனால்கூட, நேற்று அமைச்சரை நன்றாக வெளுத்து வாங்கினீர்கள் என்று கடைக்காரர் பாராட்டுவார். வெளுத்தது எதிர்க்கட்சிக்காரர், கை மட்டும்தான் என்னுடையது என்று எத்தனை தடவை சொன்னாலும் யாருக்கும் மண்டையில் ஏறுவதில்லை. மறுநாள் அதே அமைச்சர் பதில் சொல்வார். அதற்கும் இவளுக்குத்தான் திட்டு விழும்.

அவள் புருஷன் பேருந்து ஓட்டுநர். வாய்த்துடுக்கு கொஞ்சம் ஜாஸ்தி. "பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறதுக்கு உனக்குச் சம்பளம் வேற" என்பார். அவளும் சிரித்துக்கொள்வாள். ஆனால் அந்த வேலையில் அவளுக்கு ஒரு வைராக்கியம் உண்டு. பேசுகிறவன் அயோக்கியனோ அசடோ, சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் கையில் கொண்டுவந்துவிட வேண்டும். ஒரு உறுப்பினர் இன்னொருவரை எருமை என்றால் இவள் கையும் எருமை என்றுதான் சொல்லும். அந்தச் சொல்லைக் குறிப்பிலிருந்து நீக்கும்படி சபாநாயகர் உத்தரவு போடலாம். ஆனால் அதற்குள் ஊர் பார்த்துச் சிரித்திருக்கும்.

சபைக்கு மேலே கண்ணாடி அடைத்த குறுகலான அறை அது. முதுகுக்குப் பின்னால் நீலத் துணி, எதிரே கேமரா, தலைக்கு மேல் சுடுகிற விளக்கு. கீழே ஆட்கள் வாயைத் திறந்து திறந்து மூடுவது தெரியும். குரல் மட்டும் தனியாகக் காதுக்குள் வந்து சேரும். மதியத்துக்கு மேல் அவளுக்கு ஒரு மாதிரி மயக்கமாக இருக்கும். தூக்கம் என்று சொல்ல முடியாது. காதில் நுழைந்த சொல் நடுவில் எங்கும் தங்காமல் விரல் வழியாக இறங்கிப் போய்விடும். கைகள் இரண்டும் யாருடையவோ போல எதிரே மிதந்துகொண்டிருக்கும். அவளும் அவற்றைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்குப் போனால், இன்று என்ன பேசினார்கள் என்பது பாதிகூட நினைவில் இருக்காது.

இந்தக் கறார் எல்லாம் சபையோடு சரி. வீட்டில் அவள் வெறும் சல்லடை.

எல்லாம் தம்பிக்காகத்தான். அவளுக்கு ஒரே தம்பி, பிறவியிலேயே காது கேளாதவன், பேச்சும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அறையில்தான் குடியிருக்கிறான். நடக்கப் பழகிய நாளிலிருந்து அவனுக்கு உலகம் அக்காவின் கை வழியாகத்தான் வந்தது. அவளும் கல் மண் பொறுக்கி, புடைத்துத்தான் கொடுப்பாள். இந்த ஊமையை எவள் கட்டிக்கொள்வாள் என்று அத்தை அவன் முன்னாலேயே பேசினாள். என்ன சொல்கிறாள் என்று அவன் கேட்டபோது, உன் சட்டை அழகாக இருக்கிறதாம் என்று கையைக் காட்டினாள். அவன் அத்தையைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். இப்படி எத்தனையோ. இன்றைக்கும் அவன் கணக்கில் அந்த அத்தை தங்கமானவள்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற ஒன்று உண்டு. சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா இருவரையும் வேட்டைக்குக் கூட்டிப்போனார். குண்டு பட்ட மான் புல்லில் சரிந்து கிடந்தது. வாய் பிளந்தபடி இருந்தது. அது போட்ட சத்தத்தில் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். தம்பி பயந்துபோய் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து, ஏன் வாயைத் திறக்கிறது என்று கேட்டான். கண் நிறைய நீர். அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை அவளுக்கு. காதிலிருந்து கையை எடுத்து, "தூக்கம் வருது, கொட்டாவி விடுது" என்று சொன்னாள். கையை எடுத்ததும் சத்தம் முழுசாக உள்ளே வந்தது. தம்பி சமாதானமாகி, மான் தூங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அதற்கப்புறம் அவன் அப்பாவின் வாலைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குப் போனான், வளர்ந்து வேட்டைக்காரனே ஆகிவிட்டான். அனுமதிச் சீட்டு வாங்கித் துப்பாக்கியோடு வரும் பணக்காரர்களை உள்ளே கூட்டிப்போவதுதான் அவன் பிழைப்பு. பெரியவனான பிறகு கொட்டாவியை நம்பவில்லை. கடைசி மூச்சுக்கு வாய் திறக்கிறது என்று தானாகவே முடிவு செய்துகொண்டான். கூட வருகிறவர்கள் யாரும் அவனுக்கு எதையும் சொல்லவில்லை. காது உள்ளவர்களுக்கு அது சொல்லித் தெரியவேண்டிய விஷயமா என்ன? அவள் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வருஷமும் நினைப்பாள், ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போடுவாள். நாள் ஆக ஆக அது சொல்லமுடியாததாகவே ஆகிப்போனது.

அவளுக்கு அடிக்கடி ஒரு கனவு வரும். தம்பியின் காட்டுக்குள் அவள் நடந்துகொண்டிருப்பாள். சருகை மிதித்தால் சத்தம் வராது. காற்றுக்கும் சத்தம் கிடையாது. மான்கள் ஒவ்வொன்றாக வந்து அவன் காலடியில் முட்டியை மடக்கிப் படுத்துக்கொள்ளும். அவன் ஒவ்வொன்றின் தலையையும் தடவிக்கொடுப்பான். எழுந்த பிறகும் வெகுநேரம் அந்த அமைதி காதில் இருக்கும், பஞ்சு வைத்ததைப் போல.

அப்போதுதான் வேட்டைத் தடைச் சட்டம் சபைக்கு வந்தது. நாடே இரண்டுபட்டது. தம்பி தன் அறையில் தொலைக்காட்சியைக் கொண்டுபோய் வைத்துவிட்டான். பிழைப்பு போய்விடுமே என்ற கவலை ஒரு பக்கம். அதைவிட, தன்னைக் கொடுமைக்காரன் என்கிறார்களே என்பதுதான் அவனுக்கு ஆற்றமாட்டாமல் இருந்தது. சாப்பிடும்போது கையைக் கழுவிவிட்டு வந்து அக்காவுக்கு எதிரே நின்றான்.

"சபையில சொல்லு அக்கா. மான் கத்தாது. நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். சும்மா மூச்சு விட்டுட்டுப் படுத்துக்கும். வலிச்சா கத்தாதா?"

தட்டைப் பார்த்தபடியே புருஷன் வாய்விட்டுச் சொன்னார். "கத்தாதுன்னு இவனுக்கு எப்படித் தெரியுமாம்?"

மாமா என்ன சொன்னார் என்று தம்பி உடனே கேட்டான். உப்புக் குறைவாம் என்றாள் அவள். தம்பி போய் உப்பை எடுத்துக்கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான். அந்த மனுஷனும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

விவாதம் சூடு பிடித்தது. காட்டோரத்துத் தொகுதிக்காரர், விலங்கு பெருகிப்போய்ப் பயிரை மேய்கிறது, வேட்டையும் இல்லையென்றால் விவசாயி எங்கே போவான் என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். வேட்டைக்காரனைப் போல விலங்கை நேசிக்கிறவன் உண்டா என்று தழுதழுத்தார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையா என்று எதிர்வரிசையில் ஒருவர் கேட்க, இவள் ஓநாயாகிக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் தெருவில் அந்த ஓநாய்க்கு ஏகப்பட்ட பாராட்டு. சின்னக் கட்சி ஒன்று மதில்மேல் பூனையாக உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு அம்மாள் எழுந்தார். சபைக்கு வருமுன் கால்நடை மருத்துவராக இருந்தவர். குரலை உயர்த்தாமல் பேசினார். அந்த மதியம் வெயில் சாய்ந்து சபைக்குள் விழுந்திருந்தது. ஜன்னலக்காவின் கைகள் வழக்கம்போல மிதந்துகொண்டிருந்தன.

"குண்டு பட்ட மான் உடனே சாவதில்லை. அது கத்தும்" என்றார் அந்த அம்மாள்.

கைகள் நின்றுவிட்டன.

அவளோடு முறை மாற்றிக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர் கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கை ஓய்ந்தால் இன்னொருவர் உள்ளே வருவது அங்கே வழக்கம். அவர் எழுந்து, நான் வரட்டுமா என்று தலையை அசைத்துக் கேட்டார். வந்தால் தீர்ந்தது. சொல்வது அவர் கையாக இருக்கும், வீட்டுக்குப் போய் அதையும் சலித்துக் கொடுத்துவிடலாம். அந்த ஆள் என்னத்தையோ உளறினார் என்று சொன்னால் தம்பி நம்புவான். அக்கா எதைச் சொன்னாலும் நம்புவான். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"குழந்தை கத்துவதுபோலக் கத்தும். உயிர் போகும்வரை கத்தும். காது உள்ள எவருக்கும் இது தெரியும். வீட்டில் போய்ச் சொல்வதில்லை, அவ்வளவுதான்."

அவள் சொன்னாள். இரண்டு விரலைத் தலையில் கொம்பாக வைத்து, மானாகி, வாயைப் பிளந்தாள். தொண்டையிலிருந்து விரல்களைப் பிய்த்துப் பிய்த்து வெளியே எறிந்தாள். காது உள்ள எவருக்கும் தெரியும் என்றாள். வீட்டில் சொல்வதில்லை என்றாள். ஒன்றையும் விடவில்லை. எதிரே இருந்த கேமராவின் கறுப்புக் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

ஓட்டெடுப்பைத் தள்ளிவைத்துச் சபை கலைந்தது. பேருந்தில் வரும்போது வெளியே எல்லாம் மெல்ல நகர்ந்தது. கடைகள், விளக்குக் கம்பங்கள், யார் யாரோ ஆட்கள். அவளைக் கண்டுகொண்டு ஒரு பெண் ஏதோ சொன்னாள். அது அவள் காதில் விழவில்லை.

தம்பி பின்கட்டில் நின்றிருந்தான். அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண்ணைத் திருப்பிவிட்டால் அவனோடு பேசவே முடியாது. அவள் எதிர்ப்பக்கம் போய் நின்றாள். மறுபடி திரும்பினான். மறுபடி போய் நின்றாள். கடைசியில் அவனாகவே பார்த்தான்.

"எல்லா மானுமா?"

"எல்லா மானும்."

"அப்பா சுட்ட மான்?"

"அதுவும்."

"ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது." அவன் கைகள் ஒன்றோடொன்று மோதின. "உன் கையை நம்பித்தானே நான் சுட்டேன்."

மன்னித்துவிடு என்று காட்டக் கையைத் தூக்கினாள். அவன் அந்தக் கையைப் பிடித்துக் கீழே தள்ளினான். கை வேண்டாம் என்றான். தன் உள்ளங்கையை அவள் தொண்டையில் அழுத்தி வைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தைப் போடச் சொன்னான்.

அவளால் முடியவில்லை. அவன் கையை எடுக்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள். புல்லில் கிடந்த மான் கண்ணுக்குள் வந்தது. வாயைத் திறந்தாள்.

வீட்டுக்குள்ளிருந்து புருஷன் பதறி அடித்துக்கொண்டு ஓடிவந்து, இருவரையும் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. தம்பியின் விரல்கள் அவள் தொண்டையை விட்டு நகரவில்லை. மூச்சு தீர்ந்ததும் அவள் நிறுத்தினாள்.

"இவ்வளவுதானா?" என்று மற்றக் கையால் கேட்டான்.

ஆமாம் என்று தலையாட்டப் போனவள், இல்லை என்று ஆட்டினாள்.

"எவ்வளவு நேரமோ அவ்வளவும் போடு. குறைக்காதே."

அவள் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள்.