மடக்காத குடை: கேமரன் மலையில் ஒரு மழை நாள்

கேமரன் மலைக்குப் போக எந்த மாதம் நல்லது என்று இங்கே அடிக்கடி கேட்கிறீர்கள். நான் முதலில் போனது 1980 டிசம்பரில். நல்ல மாதமே அல்ல, மழை விடாது. ஆனால் பள்ளி விடுமுறை அப்போதுதான். கிள்ளானில் சரித்திர ஆசிரியராக இருந்தேன். மனைவி இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வகுப்பு இருந்தால் பொழுது போய்விடும், விடுமுறை என்றால் சுவரோடுதான் பேச வேண்டும். அதற்குப் பயந்துதான் கிளம்பினேன்.

இன்னொன்றும் மனதை அரித்துக்கொண்டிருந்தது. பரீட்சைக்கு முன் ஒரு மாணவி கேட்டாள்: "சார், ஐரோப்பாவுல அவங்க அடிச்சிக்கிட்டதுக்கு நமக்கு எப்படி சார் சுதந்திரம்?" இரண்டு உலகப் போரிலும் பிரிட்டன் பணத்தையும் ஆளையும் இழந்தது, காலனிகளைக் கட்டிக்காக்க முடியவில்லை என்று புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தேன். அவள் எழுதிக்கொண்டாள். எனக்கே அது பதிலாகப் படவில்லை.

கோலாலம்பூரிலிருந்து தாப்பா வரை ஒரு பஸ், அங்கிருந்து தானா ராத்தாவுக்கு இன்னொன்று. இரண்டாவது பயணம் அறுபது கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. வளைவுகளில் வயிறு வாய்க்கு வந்துவிடும், சாப்பிடாமல் ஏறுங்கள். அறை வாடகை அப்போது பன்னிரண்டு மலேசிய வெள்ளி. இரண்டு கட்டில் போட்டிருந்தார்கள். ஒன்றின்மேல் பையை வைத்தேன்.

மறுநாள் காலை கியா பார்ம் காய்கறிக் கடைகளுக்குப் பக்கத்தில் இறங்கி, தேயிலை எஸ்டேட் பாதையில் நடந்தேன். மூன்று மைல். குடை எடுக்கவில்லை, கிள்ளான்காரன் புத்தி. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

பின்னால் வந்த ஒருவர் கேட்காமலே என் தலைக்கு மேல் குடையைப் பிடித்தார். "டவுன் ஆளா லா? இங்க குடை இல்லாம வரலாமா?"

முத்தையா என்று பெயர். வயது ஐம்பத்தேழு இருக்கும். எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து, தொழிலாளர் வரிசையான லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். இன்னும் கொஞ்ச காலம் இருக்க விடுங்கள் என்று கேட்க ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார். புது மேனேஜர் நம்மவர்தான், அவரையும் துரை என்றுதான் சொன்னார்கள்.

"மக பந்திங்ல இருக்கு. வந்துருங்குது. ஆனா இந்த வீட்டுலேர்ந்துதான் எங்கண்ணன ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் ரோடு போடக் கூட்டிட்டுப் போனான். வந்தா இங்கதான் தேடி வருவாரு. வரமாட்டாருன்னு தெரியும் லா. தெரிஞ்சா என்ன?"

அந்த அண்ணனின் கதையை நடந்துகொண்டே சொன்னார். சண்டைக்கு முன்னால், வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் எவ்வளவு மழையானாலும் குடையை மடக்கி ஒதுங்கி நிற்க வேண்டும். அண்ணன் ஒருநாள் மடக்கவில்லை. எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறை விழுந்தது. சில மாதங்களில் ஜப்பான்காரன் வந்தான். துரை சொல்லாமல் கொள்ளாமல் காரில் ஓடினார்.

"சண்டை முடிஞ்சி அதே தொர திரும்பி வந்தாரு. மொத நாளே மழ. வேலைக்குப் போறோம், எதுக்க வராரு. ஒருத்தனும் குடைய மடக்கல. பேசி வச்சிக்கல லா. அவரு பாத்தாரு. தொப்பிய இழுத்து விட்டுக்கிட்டுப் போய்ட்டாரு."

என் மாணவிக்கு நான் சொல்லாமல் விட்டது இதுதான். ஐரோப்பாப் போரில் மாட்டிக்கொண்ட வெள்ளைக்காரர்களால் மலாயாவைக் காக்கப் படை அனுப்ப முடியவில்லை. திரும்பி வந்தபோது கை ஓங்கத் தெம்பில்லை. ஓடியதைப் பார்த்தவர்களுக்கும் பயம் விட்டுப்போயிருந்தது. 1957இல் கொடியேற்றியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"இப்ப லயத்துல எல்லாரும் சொல்றாங்க, வீடு கேக்கப் போற, தொரயப் பாத்தா குடைய மடக்கிட்டுப் பணிவா நில்லுன்னு. வேற என்ன வேணா செய்யறேன், அத மட்டும் சொல்லாதீங்கன்னேன்."

சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் ஜீப் வந்து நின்றது. மேனேஜர் இளைஞர், நல்ல மனிதர். பழைய கதையெல்லாம் அவருக்குத் தெரிய நியாயமில்லை. "என்ன முத்தையா, ஆபீசுக்கா? நான் சீக்கிரம் தாப்பா கெளம்பணும். குடைய மடக்கிட்டு ஏறுங்க" என்றார்.

முத்தையா குடைக் காம்பை இறுக்கிப் பிடித்தார். "நீங்க போங்க தொர. நான் நடந்தே வரேன்." என்னிடம், "சார், நீங்க ஏறிக்குங்க."

நான் ஏறவில்லை. கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை. ஒன்றரை வருடத்தில் ஒருவரோடு தோள் உரச நடந்தது அன்றுதான். அதை விட்டுப் போக மனம் வரவில்லை.

போய்ச் சேர்ந்தபோது ஜீப் கிளம்பிப் போயிருந்தது. முத்தையா ஆபீஸ் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, "நாளைக்கு வரலாம் லா" என்றார். மழை விட்டதும் பஸ்ஸைப் பிடிக்க நான் இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை.

1984இல் மறுபடி போனேன். விசாரித்துக்கொண்டு போனால், முத்தையாவின் லயத்து வீட்டில் வேறு குடும்பம். கதவைத் திறந்த பெண்ணுக்கு அவரை நன்றாகத் தெரிந்திருந்தது.

"மறுநாளு போய்க் கேட்டாரு. தொர மூணு மாசம் குடுத்தாரு, அவ்ளோதான். பந்திங் போறன்னிக்கும் மழ. லோரிக்காரன் முன்னால ஏறச் சொன்னான், மாட்டேன்னுட்டாரு. பின்னால சாமானோட உக்காந்து, குடைய விரிச்சிக்கிட்டே போனாரு. வளைவு திரும்புற வரைக்கும் தெரிஞ்சிச்சி."

போகிறவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. காலையிலேயே நடந்துவிடுங்கள், காலையில் தப்பினாலும் மத்தியானத்துக்கு மேல் மழை நிச்சயம். கம்பளிச் சட்டை வேண்டும். எஸ்டேட்டுக்குள் கேட்டுவிட்டு நுழையுங்கள். தனியாகப் போகிறவர்களும் இரண்டு பேர் நடக்கிற அளவுக்குப் பெரிய குடையாக எடுத்துப் போங்கள்.