களத்தில் எழுதிய பெயர்

நாலாம் வகுப்பில் எங்கள் டீச்சர் ஆளுக்கொரு அட்டை கொடுத்து, எழுதுவதில் அவரவர் இலக்கை எழுதச் சொன்னார். மாத முடிவுக்குள் எட்டியவர்களின் அட்டை சுவரில் ஒட்டப்படும். கையெழுத்தைத் திருத்துவேன், சொல்லுக்குச் சொல் இடம் விடுவேன் என்று எல்லாரும் எழுதினார்கள். நான், ‘நான் எழுதுவதை எங்கம்மா வாசிக்க வேண்டும்’ என்று எழுதினேன்.

“உங்கம்மாவுக்கு எழுத்தே தெரியாதேடா. ஒன்னால முடியிறத எழுது. முற்றுப்புள்ளி வைக்கப் பழகுறேன்னு போடு.”

“மாட்டேன் டீச்சர்.”

இன்றைக்குக் கேட்டாலும் மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

அம்மாவுக்குப் புதுவயல் அரிசி ஆலையில் வேலை. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, காலை இழுத்து இழுத்து நடந்து கிண்டிவிட வேண்டும். நடந்த தடமெல்லாம் கோடு விழும். நோட்டில் எழுதிக் காட்டியபோது, “கண்ணு கூசுதுடா” என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டது. நோட்டு வேண்டாம் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை களத்தின் நடுவே, காலாலேயே அம்மாவின் பெயரைப் பெரிதாக எழுதினேன்.

மேஸ்திரி கத்தினார். “யாருடா நெல்லுல கோலம் போடுறவன்?”

“நம்ம பயதாண்ணே. ஏன் சத்தம் போடுறீக?” என்றபடி வந்த அம்மா, என்னிடம் திரும்பி, “என்னடா இது?” என்றது.

“ஒம் பேரு.”

“இம்புட்டு நீளமாவா இருக்கு?”

அம்மா முதல் எழுத்தின் சுழியில் காலை வைத்து, கோட்டை விட்டு விலகாமல் கடைசி எழுத்து வரை நடந்தது. நடந்துகொண்டே தன் பெயரை மெதுவாகச் சொன்னது.

திங்கட்கிழமை டீச்சரிடம் போய் நின்றேன். “எங்கம்மா வாசிச்சிருச்சு.”

“எத்தன வரி?”

“அம்மா பேர மட்டும்.”

“ஒத்த வார்த்தைக்கா இந்தப் பெரும?”

“எத்தன வார்த்தைன்னு அட்டையில எழுதலையே டீச்சர்.”

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்காமல் என் அட்டையை எடுத்து ஒட்டினார். ஜெயித்தது நான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், களம் முழுக்கப் பலமுறை கிண்டியாகிவிட்டது; நடுவில் பெயர் இருந்த இடம் மட்டும் கலையாமல் கிடந்தது. சீராகக் காயாத நெல் அரைக்கும்போது நொறுங்கிப்போகும்.

“அத ஏன்த்தா விட்ட?” என்று மேஸ்திரி எரிந்து விழுந்தார்.

“மறந்துட்டேண்ணே” என்றது அம்மா.

ஒரு மூலையைக்கூட விடாமல் கிண்டுகிற அம்மா வெயில் மயக்கத்தில் மறந்துவிட்டது என்றுதான் அன்றைக்கு நானும் நம்பினேன்.